ஹெர்ம்ஸ் மாடல் கிட்டை ஐஎன்எஸ் விராட் கப்பலா மாத்தும்போது வர்ற கோளாறு: அறிகுறி பாத்து சரி பண்றது

பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்ம்ஸ்தான் பிற்காலத்துல நம்ம ஐஎன்எஸ் விராட் ஆச்சு. அந்த ஹெர்ம்ஸோட 1/600 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட்டை விராட் கப்பலா மாத்துறவங்களுக்கு வர்ற கோளாறு பெரும்பாலும் ஒண்ணு போலத்தான் இருக்கு. நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல்னு எங்கேருந்து மாடல் வந்தாலும் அதே ஸ்கை ஜம்ப் (விமானம் ஏறிப் பறக்க முன்பக்கம் மேல வளைஞ்சு நிக்கிற டெக்கு) ஓரம் பிரிஞ்சிருக்கும், அதே பெயின்ட் வெளுத்திருக்கும், அதே மாஸ்ட்டுக் கம்பம் துரு பிடிச்சிருக்கும். அதனால எந்தக் கோளாறு எப்படித் தெரியும், மொதல்ல எதைப் பாக்கணும், காசு செலவில்லாம எது சரியாவும், எப்பம் வெளி ஆளுகிட்ட கொண்டு போவணும்னு இங்க எழுதி வச்சிடுறேன். உங்க கப்பல்ல என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க, மொத்தமும் படிச்சாகணும்னு இல்ல.

எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிடுறேன். கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி, பெயின்ட்ட உரிக்கறதுக்கு முன்னாடி, காசு போட்டு வேற பார்ட் வாங்கறதுக்கு முன்னாடி, மாடல சோப்புத்தண்ணியில கழுவி ரெண்டு நாள் நல்லா காய விடுங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, ஜூன்லேருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அது ஓய்ஞ்ச கையோட அக்டோபர்ல வடகிழக்கு வந்துடும். கடற்கரைப் பக்கம் உப்புக்காத்து, ஆரல்வாய்மொழிப் பக்கம் தூசியோட பெலமான காத்து, குலசேகரம் திருவட்டார் பக்கம் எப்பமும் ஈரம். கிட்டு சரியில்ல, பசை சரியில்லன்னு நாம பழி போடுறதெல்லாம் முக்கால்வாசி இந்த ஈரமும் உப்பும் பாக்கிற வேலைதான், அதைக் கழுவி காய வச்சா அதுலயே சரியாகிற கோளாறு நெறைய இருக்கு.

## போட்டோவும் மாடலும் ஒத்துப்போகல

எல்லாம் ஒட்டி முடிச்ச பொறவு "ரேடார் தப்பா இருக்கே"ன்னு தோணும். இது ஒட்டுறதுல வந்த கோளாறு இல்ல, வருசம் கலந்து போனதுதான்.

கிட்டுல இருக்கறது 1960-கள்ல பிரிட்டிஷ் நேவியில ஓடுன ஹெர்ம்ஸ். ஐலண்ட் (டெக்கு மேல நிக்கிற கட்டடம்) மேல பெரிய டிரம் மாதிரி இருக்கற 984 ரேடார், டெக்குல விமானத்த உந்தி விடுற கேட்டபுல்ட், எறங்குற விமானத்த பிடிச்சு நிறுத்துற அரெஸ்டர் வயர், எல்லாம் அந்தக் காலத்தோடது. 1971-லேருந்து 1973 வரை கமாண்டோ கேரியரா மாத்துனப்ப அந்த ரேடார், கேட்டபுல்ட், வயர் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, கட்டில் சட்டம் போல இருக்கற 965 ரேடார் வந்துச்சு. 1981-ல ரீஃபிட் (கப்பல பழுது பாத்து மாத்துறது) முடிஞ்சு வெளிய வந்தப்பதான் 12 டிகிரி ஸ்கை ஜம்ப் இருந்துச்சு, 1982 ஃபாக்லாந்து சண்டைக்கு அப்படியே போச்சு. 1986-ல இந்தியா வாங்கி, 1987 மே 12-ம் தேதி ஐஎன்எஸ் விராட்டா சேந்துச்சு, நம்பர் ஆர்22. அதுக்குப் பொறவும் நம்ம ஆட்கள் ரீஃபிட்டுல ரேடார மாத்துனாங்க, பராக் ஏவுகணை பிற்காலத்துல ஏறுனது. 2017 மார்ச் 6-ம் தேதி ஓய்வு கொடுத்துட்டாங்க.

என்ன பாக்கணும்: கையில இருக்கற போட்டோ ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி வருசத்த எழுதுங்க. வருசம் தெரியாத போட்டோவ தனியா ஒதுக்கி வைங்க, அது எவ்வளவு தெளிவா இருந்தாலும் சரி. ஒரே ஒரு வருசத்த முடிவு பண்ணி அந்த வருசத்து போட்டோவ மட்டும் சுவத்துல ஒட்டிக்கிடுங்க. 1982 படத்தப் பாத்து ரேடாரும் 2010 படத்தப் பாத்து ஆயுதமும் வச்சா அப்படி ஒரு கப்பல் எந்தக் காலத்துலயும் கடல்ல ஓடுனது இல்லன்னு ஆயிடும். நமக்குன்னு இத்தன வருசம் ஓடுன கப்பல், அதை ஏதோ ஒரு நாள்ல இருந்தது இருந்தபடி செய்யணும், அதுக்கு இந்த ஒரு வேலையாவது பொறுமையா பாக்கணும்.

## ஸ்கை ஜம்ப் ரொம்ப ஒசரமா தெரியுது

இதுதான் அதிகம் வர்றது. பக்கவாட்டுல பாத்தா முன்பக்கம் சறுக்கு மரம் வச்ச மாதிரி நிக்கும்.

காரணம் ஒண்ணே ஒண்ணுதான், 12 டிகிரிங்கறத தொடக்கத்துலேருந்தே போட்டுடுறது. 12 டிகிரி கடைசி முனையில உள்ள சாய்வு. தொடங்குற இடத்துல சாய்வு பூஜ்யம், அங்கேருந்து வட்டத்துல ஒரு துண்டு போல பையப் பைய ஏறி முனையில 12 ஆவுது. உங்க ஸ்கை ஜம்ப் நீளம் மாடல்ல 75 மி.மீ.ன்னு வச்சுக்கிடுங்க, நேர் சரிவா 12 டிகிரி வெட்டுனா முனை ஒசரம் கிட்டத்தட்ட 16 மி.மீ. வரும், வளைவா போட்டா 8 மி.மீ.க்கு கொஞ்சம் கொறைவாத்தான் வரும். சரிபாதி. அந்த பாதி வித்தியாசந்தான் கண்ணுல உறுத்துது.

பாக்கறது எப்படி: முனைக்குக் கீழ டெக்குலேருந்து ஸ்கேல் வச்சு ஒசரத்த அளங்க. நீளத்துல பத்துல ஒரு பங்குக்கு சொச்சம் இருந்தா சரி, அஞ்சுல ஒரு பங்கு இருந்தா நேர் சரிவு போட்டிருக்கீங்க.

சரி பண்ண: மேல் ஷீட்ட மட்டும் பேத்துட்டு உள்ள இருக்கற ரிப்ப (ஷீட்ட அடியில தாங்குற பட்டை) மாத்துனா போதும், மொத்தத்தையும் உடைக்க வேண்டாம். ஒரு நூல எடுத்து ஒரு முனைய பின்னுல குத்தி, 36 செ.மீ. தள்ளி பென்சில கட்டி அட்டையில ஒரு கோடு சுத்துங்க, 75 மி.மீ. நீளத்துக்கு அந்த வளைவுதான் உங்க ரிப்போட மேல் விளிம்பு. நீளம் வேறயா இருந்தா நூல் நீளமும் அதே கணக்குல மாறும், 75-க்கு 36 செ.மீ.னா 60-க்கு 29 செ.மீ. கிட்ட வரும். அட்டையில ஒண்ணு வெட்டி கப்பல் மேல வச்சு பக்கவாட்டுல பாருங்க, போட்டோவோட ஒத்துப்போச்சுன்னா மட்டும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டுல வெட்டுங்க. ரிப்புகள 8, 10 மி.மீ. இடைவெளியில நிறுத்துனா மேல் ஷீட் நடுவுல தொங்காது.

இதுலயே எல்லா ரிப்பும் ஒரே அளவா வரலன்னா, அஞ்சாறு துண்ட ஒண்ணா டேப் சுத்தி மொத்தமா உரசுங்க. அப்படியும் கை வரலன்னா லேசர் கட்டிங் பண்ற கடையில படம் வரைஞ்சு குடுத்தா அக்ரிலிக்குல அச்சு போல வெட்டித் தருவாங்க, ரிப்பு உள்ள மறைஞ்சு போறதுதான, அக்ரிலிக்கா இருந்தா என்ன. ஒட்டுறதுக்கு மட்டும் சூப்பர் குளூ வச்சுக்கிடுங்க.

## ஸ்கை ஜம்ப் ஓரம் நிமிந்து பிரியுது

ஒட்டி வச்சப்ப நல்லா இருந்துச்சு, காலையில பாத்தா முன் ஓரம் தூக்கிட்டு நிக்குதும்பாங்க.

மொதல்ல பாக்க வேண்டியது ஷீட்ட வளைச்சு ஒட்டுனீங்களா, இல்ல நேரா இருந்த ஷீட்ட பசையோட பெலத்துல அமுக்கி ஒட்டுனீங்களாங்கறது. ரெண்டாவதுதான்னா அது நிமிரத்தான் செய்யும். பேத்து எடுத்து, ஒரு பெரிய குக்கர் வெளிப்பக்கமா ஷீட்ட டேப் போட்டு ஒட்டி, மேல சூடான தண்ணி ஊத்துங்க, கொதிக்கிற தண்ணி வேண்டாம், கொதிச்சு எறக்கி கொஞ்சம் ஆறுனது போதும். அப்படியே ஆற விட்டுட்டு டேப்ப எடுத்தா ஷீட்டு வேணுங்கறத விட கொஞ்சம் கூடுதலா வளைஞ்சு நிக்கும். அதுதான் சரி, அதை ரிப்பு மேல வச்சா ஓரம் கீழ அமுங்குமே தவிர மேல தூக்காது.

ஷீட்ட வளைச்சுதான் ஒட்டுனேன், ஆனாலும் தூக்குதுன்னா ஷீட் கனத்த பாருங்க. 1 மி.மீ. ஷீட் ஒண்ணு போடறத விட 0.5 மி.மீ. ஷீட் ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டுனா நல்லா பிடிச்சு நிக்கும். மொதல் ஷீட் ரிப்போட நல்லா சேந்து, ஒரு நாள் கழிச்சு ரெண்டாவது.

அதுவும் சரியா இருக்கு, இன்னமும் பிரியுதுன்னா அது ஸ்டைரீனே இல்ல. கீழ "ஒட்டவே மாட்டேங்குது"ன்னு இருக்கற பகுதிக்குப் போங்க.

## நாலு நாள் கழிச்சு ஸ்கை ஜம்ப் நடுவுல குழி விழுது

இது ஒட்டுன அன்னைக்குத் தெரியவே தெரியாது. பெயின்ட் எல்லாம் அடிச்சு முடிச்ச பொறவு ரிப்புக்கு ரிப்பு நடுவுல லேசா பள்ளம் தெரியும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா நெளி நெளியா ஓடும்.

லிக்விட் சிமென்ட்ட (பிளாஸ்டிக்க கரைச்சு ஒட்டுற பசை) தாராளமா ஊத்தி நாலு பக்கமும் மூடிட்டா உள்ள உள்ள ஆவி போக வழி இல்லாம பிளாஸ்டிக்க உள்ளேருந்தே இளக்கிக்கிட்டு இருக்கும். நம்ம ஊரு ஈரத்துல அது காய இன்னும் நாள் இழுக்கும்.

நகத்தால அந்தப் பள்ளத்த பையத் தட்டிப் பாருங்க. சத்தம் மொத்துன்னு கேட்டா உள்ள இன்னும் இளகிதான் கெடக்கு, இப்பம் புட்டி போடாதீங்க, போட்டா புட்டியோட சேந்து இன்னும் எறங்கும். கப்பல் அடியிலேருந்து ஒவ்வொரு ரிப்பு இடைவெளிக்கும் 1 மி.மீ. ஓட்டை ஒண்ணு போட்டு, ஒரு வாரம் சும்மா வைங்க. மழைக்காலம்னா ரெண்டு வாரம். தட்டுனா டக்குன்னு கேட்டா மட்டும் புட்டி போட்டு நெரவுங்க.

புதுசா பண்றவங்க ரிப்புலயே ஒட்டும் முன்னாடி ஒரு ஓட்டை போட்டுடுங்க, அதோட கப்பல் அடியிலயும் ஒண்ணு. வெளியில தெரியாத ஓட்டை, செலவும் இல்ல.

குழி 1 மி.மீ.க்கு மேல ஆழமா இருந்தா சரி பண்ண நேரம் செலவழிக்காதீங்க. மேல் ஷீட்ட வெட்டி எடுத்துட்டு புதுசு போடறது ஒரு சாயங்கால வேலை, குழிய நெரவி நெரவி உரசுறது மாசக்கணக்கு வேலை.

## டெக்கோட சேருற எடத்துல கோடு திரும்பத் திரும்ப வருது

புட்டி போட்டு, வாட்டர் பேப்பர் போட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கி பெயின்ட் அடிச்சா மறுநாள் அதே எடத்துல தலமுடி போல கோடு. கேட்டபுல்ட் தடத்த மூடுன எடத்துலயும் இதே கதைதான்.

கோட்டுக்கு ரெண்டு பக்கமும் பெருவிரல வச்சு மாத்தி மாத்தி அமுக்குங்க.

அசையுதுன்னா: எந்தப் புட்டியும் நிக்காது. கீழ்ப்பக்கத்துலேருந்து ஸ்டைரீன் துண்டு ஒண்ண குறுக்க பட்டையா ஒட்டணும். டெக்கு ஏற்கனவே ஹல்லோட (கப்பல் உடம்போட) ஒட்டியாச்சுன்னா ஹேங்கர் வழியாவோ லிஃப்ட் ஓட்டை வழியாவோ எட்டுதான்னு பாருங்க, எட்டலன்னா கோட்ட இன்னும் கொஞ்சம் அகலமா கீறி, ரன்னர் (கிட்டுல பார்ட்ட பிடிச்சிருக்கற பிளாஸ்டிக் சட்டம்) துண்டக் கரைச்ச பசைய உள்ள விட்டு ஒரு வாரம் காய விடுங்க.

அசையலன்னா: புட்டி காயறதுக்கு முன்னாடி உரசியிருக்கீங்க. ட்யூபுல வர்ற புட்டி காயக் காய சுருங்கும், மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். கனமா ஒரே தடவ போடாம மெல்லிசா ரெண்டு மூணு தடவ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் விட்டு.

கோடு பள்ளமா இல்லாம மேடா தெரியுதுன்னா: சூப்பர் குளூவும் முகப் பவுடரும் கலந்து நெரவியிருப்பீங்க. அது நல்ல நெரவல்தான், எனக்கும் பிடிச்சது அதுதான், ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள உரசிடணும். ராத்திரி விட்டுட்டு காலையில உரசுனா பிளாஸ்டிக்க விட அது கெட்டியா ஆயிருக்கும், பக்கத்துல உள்ள பிளாஸ்டிக்கு தேயும், நெரவல் மேடா நிக்கும். இப்பம் விரலால உரசாதீங்க, ஒரு தட்டையான மரக்கட்டையில 400 வாட்டர் பேப்பர சுத்தி, தண்ணி தொட்டு, மேட்ட மட்டும் எடுங்க, பொறவு 800, 1200.

இது மூணும் பண்ணியும் கோடு வருதுன்னா, கோட்ட மறைக்கிறத விட்டுட்டு அதையே டெக்கு பிளேட் சேருற கோடா கீறி விட்டுடலாமான்னு போட்டோவப் பாருங்க. ஸ்கை ஜம்ப் தொடங்குற எடம் நெசக் கப்பல்லயும் தனியாத் தெரியறதுதான்.

## ஒட்டவே மாட்டேங்குது

ஸ்டைரீன் ஷீட் ஆன்லைன்ல வர ஒரு வாரம் ஆகுமேன்னு கையில கெடைச்ச பிளாஸ்டிக்க போட்டிருப்பீங்க. பழைய ஐடி கார்டு, சன்போர்டு, டப்பா மூடின்னு.

ஒரு சின்னத் துண்ட வெட்டி தண்ணியில போடுங்க, காத்துக் குமிழி ஒட்டாம விரலால அமுக்கி விடுங்க. மெதந்தா பாலிப்ரொப்பிலீன் இல்ல பாலித்தீன் வகை, சன்போர்டா இருந்தா நுரை பிவிசி. மூடி மாதிரி மெதக்கற பிளாஸ்டிக்குல மாடல் பசை எதுவும் நிக்காது, தூக்கிப் போட்டுட்டு வேற எடுங்க. முங்குனா அடுத்தது, அதே துண்டு மேல லிக்விட் சிமென்ட் ஒரு சொட்டு விட்டு அர நிமிசம் கழிச்சு ஊசியால குத்திப் பாருங்க. ஊசி பதிஞ்சா ஸ்டைரீன், கவலப்பட வேண்டாம், ஒட்டுற எடத்துல எண்ணெயோ பெயின்டோ இருந்திருக்கும், சொரண்டிட்டு திரும்ப ஒட்டுங்க. பதியலன்னா ஐடி கார்டு போல பிவிசி, அதுக்கு சூப்பர் குளூ இல்ல ரெண்டு ட்யூப் எபாக்சி. ஒட்டுற பக்கத்த 400 பேப்பர்ல சொரசொரப்பா ஆக்குனாத்தான் நிக்கும்.

## ஹல் முறுக்கி இருக்கு, மேசையில வச்சா ஆடுது

பழைய அச்சுல வந்த கிட்டு, பொட்டி ரொம்ப நாள் வெயில்லயோ கனத்துக்கு அடியிலயோ கெடந்திருக்கும். முழுநீளம் கிட்டத்தட்ட 38 செ.மீ., அவ்வளவு நீளத்துக்கு சின்ன முறுக்கு கூட நல்லாத் தெரியும்.

ஒட்டாத ஹல்லா இருந்தா சுலபம். கை பொறுக்கற சூட்ட விட கொஞ்சம் கூடுதலா உள்ள தண்ணியில ஒரு நிமிசம் முக்கி, நேராப் பிடிச்சு, பச்சத்தண்ணியில முக்குங்க. வேணுங்கற மட்டும் திரும்பப் பண்ணலாம், ஒரே தடவையில நிமித்தப் பாக்காதீங்க.

ஒட்டி முடிச்சதா இருந்தா, டெக்கு இன்னும் வைக்கலன்னா உள்ள நீளவாக்குல சதுர அலுமினியக் குழாயோ தடிச்ச ஸ்டைரீன் பட்டையோ எபாக்சி போட்டு ஒட்டி ரப்பர் பேண்ட் சுத்தி கண்ணாடி மேல ஒரு நாள் வைங்க.

டெக்கும் ஒட்டியாச்சு, ஆனாலும் முறுக்கி இருக்குன்னா ஹேர் டிரையர், வெயில், கார் டேஷ்போர்டு எதுவும் முயற்சி பண்ண வேண்டாம், கப்பலே குழைஞ்சிடும். ஸ்டாண்டுல ரெண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்குனா எவ்வளவு நேராவுதோ அவ்வளவு போதும். கடல் மட்டத்தோட வெட்டி தண்ணி மேல நிக்கிற மாதிரி வைக்கறவங்களா இருந்தா, சின்னமுட்டம், குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் ஒட்டுற அண்ணன்மார்கிட்ட கொண்டு போய் அடியில ரெசின் ஊத்தித் தாங்கன்னு கேக்கலாம். ஆனா ஒண்ணு, பாலியஸ்டர் ரெசின் ஸ்டைரீன நேரடியாத் தின்னும், அதனால உள்பக்கம் எபாக்சி ஒரு கோட்டு பூசிக் காய வச்ச பொறவுதான் அவங்க கையில குடுக்கணும்.

## பெயின்ட் வெளுத்துப் போச்சு

மழை நாள்ல அடிச்சா அடர் சாம்பல் டெக்கு சாம்பல் பூசின மாதிரி வெள்ளையா ஆயிடும். ஈரந்தான், வேற ஒண்ணும் இல்ல.

மொதல்ல சும்மா காயப்போட்டு வெயில் அடிக்கிற ஒரு நாள் காத்திருந்து பாருங்க, லேசான வெளுப்பு தானா போறதும் உண்டு. போகலன்னா, மழை விட்ட நாள்ல மத்தியானம் பதினொண்ணுலேருந்து ரெண்டு மணிக்குள்ள, அதே பெயின்டோட தின்னர்ல ரிட்டார்டர் கொஞ்சம் சேத்து, எட்டி நின்னு மெல்லிசா ஒரு பனி போல அடிங்க. வெளுப்பு கரைஞ்சு நெறம் திரும்பும். வண்டிக்கு டூகோ (லேக்கர் பெயின்ட்) அடிக்கிற கடையில ரிட்டார்டர் (பெயின்ட் பையக் காய வைக்கிற தின்னர்) கேட்டா கெடைக்கும்.

மேட் வார்னிஷ் அடிச்ச பொறவு வெளுத்திருந்தா மேல ஒரு கிளாஸ் கோட்டு அடிங்க, நெறம் வந்துடும். அது காஞ்ச பொறவு நல்ல நாளா பாத்து மேட்.

## பெயின்ட் விரல்ல ஒட்டுது, காயவே இல்ல

எனாமல்ல அதிகம். அடியில கெடந்த நெறத்தூள் கலங்காம மேல உள்ள எண்ணெய மட்டும் அடிச்சிருப்பீங்க, இல்ல ஒரே கோட்டுல கனமா அடிச்சிருப்பீங்க, இல்ல அடியில சோப்பு போட்டுக் கழுவாம விரல் எண்ணெயும் உப்பும் இருந்திருக்கும்.

அட்டைப் பெட்டிக்குள்ள ஒரு 40 வாட் குண்டு பல்ப மாட்டி, பல்பு அட்டையிலயும் கப்பல்லயும் படாம தள்ளி வச்சு, பெட்டியில காத்துப் போக ரெண்டு ஓட்டை போட்டு கப்பல உள்ள வைங்க. கைய உள்ள விட்டா வெதுவெதுன்னு இருக்கணும், சுடக்கூடாது. ஆளு வீட்டுல இருக்கும்போது மட்டும் எரிய விடுங்க. ரெண்டு நாள்ல காயலன்னா அது இனி காயாது. உரிச்சிடுங்க. அக்ரிலிக்குக்கு மொபைல் சர்வீஸ் கடையில கெடைக்கிற ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போதும், எனாமலுக்கு பிரேக் ஆயில்ல ஒரு ராத்திரி ஊறப்போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேச்சா வந்துடும், கிளவுஸ் கட்டாயம்.

## சொரசொரப்பா, மணல் தூவுன மாதிரி

காத்துதான். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் உள்ளவங்க தென்மேற்கு சீசன்ல மாடியில வச்சு ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம். பெயின்ட் கப்பல்ல போய்ச் சேரறதுக்கு முன்னாடியே காஞ்சு தூளாப் படியுது. 1200 பேப்பர்ல தண்ணி தொட்டு லேசா தேச்சிட்டு, விடியக்காலம் காத்து அடங்குன நேரத்துல உள்ள வச்சு, சன்னல மட்டும் தெறந்து, கிட்ட பிடிச்சு அடிங்க. முகத்துல மாஸ்க் போட்டுக்கிடுங்க.

## பிளாஸ்டிக்கு வெடிச்ச வயல் மாதிரி ஆயிட்டு

டூகோவ பச்சப் பிளாஸ்டிக்கு மேல நேரா, ஈரமா அடிச்சதுக்கு வர்ற வினை. தின்னர் பிளாஸ்டிக்கத் தின்னுட்டு. மேல பெயின்ட் அடிச்சு இதை மறைக்க முடியாது. ஒரு வாரம் காய விட்டு, 400-லேருந்து உரசி சமமாக்கி, பிரைமர எட்டி நின்னு தூசி போல நாலஞ்சு தடவ அடிச்சு, அது மேலதான் நெறம். ஹல் பக்கவாட்டு மட்டும் கெட்டிருந்தா உரசி எடுத்துடலாம். ஐலண்டுல உள்ள சின்னச் சின்ன வேலைப்பாடு எல்லாம் கரைஞ்சிருந்தா ஐலண்ட புதுசா ஸ்டைரீன்ல கட்டிடுங்க, விராட்டுக்கு எப்படியும் அதுல பாதிய மாத்தத்தான போறீங்க.

டூகோதான் அடிப்பேன்னு இருக்கறவங்க பைக் டேங்க் பெயின்ட் பண்ற கடையில நல்ல கை உள்ளவர்கிட்ட குடுத்துடலாம், ஆனா குடுக்கும்போதே "அண்ணே, இது பாத்திரம் இல்ல, பிளாஸ்டிக்கு, ஈரக் கோட்டு அடிச்சிடாதீங்க, பிரஷர கொறச்சு மெல்லிசா அடிங்க"ன்னு சொல்லி, ஒரு ரன்னர் துண்டக் குடுத்து அதுல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. அதுல சரியா வந்தாத்தான் கப்பல் கை மாறணும்.

## பசை போட்ட எடத்தச் சுத்தி வெள்ளைப் புகை படிஞ்சிருக்கு

சூப்பர் குளூவோட ஆவி ஈரத்துல படியறது. சூப்பர் குளூ கொறைவாப் போடுங்க, பல் குத்துற குச்சி முனையில தொட்டு வைங்க, ஃபேன எதிர்ப்பக்கம் வச்சு ஆவிய வெளிய தள்ளுங்க. படிஞ்சு போனது பெயின்டுக்கு அடியில இருந்தா கவலையே வேண்டாம், பெயின்ட் மூடிடும். பெயின்டுக்கு மேலன்னா ஒரு கிளாஸ் கோட்டுல மறைஞ்சுடும். கண்ணாடி பார்ட்டுல மட்டும் சூப்பர் குளூ வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க வச்சிருக்கற வெள்ளைப் பசையே போதும்.

## டெக்கால் நொறுங்குது, ஓரம் வெள்ளியா மின்னுது, வட்டமா கறை

டெக்கால்ங்கறது தண்ணியில ஊற வச்சு ஒட்டுற ஸ்டிக்கர். நொறுங்குதுன்னா பழசு. வேண்டாத ஒரு டெக்கால மொதல்ல தண்ணியில போட்டுப் பாருங்க. அது நொறுங்குச்சுன்னா மிச்ச ஷீட்டு முழுக்க கிளியர் லேக்கர் அடிச்சு காய வச்சு, ஒவ்வொண்ணையும் சுத்தி வெட்டி எடுத்து ஒட்டுங்க.

ஓரம் மின்னுதுன்னா மேட் பெயின்ட் மேல நேரா ஒட்டியிருக்கீங்க, அடியில காத்து நிக்குது. ஊசியால அங்கங்க குத்தி டெக்கால் செட்டர் விடுங்க, கொஞ்சம் சரியாவும். அடுத்த தடவை கிளாஸ் கோட்டு அடிச்சிட்டு ஒட்டுங்க.

சுத்தி வெள்ளையா வட்டம் தெரியுதுன்னா அது தண்ணி. கடற்கரை ஊர்ல போர் தண்ணி உப்பு, காஞ்சா கறை விடும். ஈரப் பஞ்சால துடைச்சா போயிடும், பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வச்சுக்கிட்டா திரும்ப வராது.

ஆனா விராட்டோட நம்பரும் டெக்கு கோடும் கிட்டு டெக்கால்ல இருக்காது. இதுக்கு நான் சொல்றது ரேடியம் ஸ்டிக்கர் கடைதான். ஃபைல கம்ப்யூட்டர்ல போட்டு பிளாட்டர்ல வெட்டித் தருவாங்க, எழுத்து கெடைக்க வேண்டாம், எழுத்து வெட்டுன ஓட்டை உள்ள மிச்ச ஸ்டிக்கர்தான் வேணும்னு தெளிவா சொல்லுங்க. அதை டெக்கு மேல ஒட்டி, மெல்லிசா வெள்ளை அடிச்சு, பெயின்ட் முழுசா காயறதுக்கு முன்னாடியே தாழ்வா மடக்கி உரிங்க. கோடு 1 மி.மீ.க்குக் கீழ போனா பிளாட்டர் கத்தி கிழிச்சிடுது, அதுக்கு மாஸ்கிங் டேப்ப கண்ணாடி மேல ஒட்டி புது பிளேடால வெட்டி எடுக்கறதுதான் வழி.

## மாஸ்ட்டுல மஞ்சக் கறை, ரெயிலிங் உதிருது, கயிறு தொங்குது

மஞ்சக் கறை துரு. குண்டூசியோ தையல் ஊசியோ மாஸ்ட்டா வச்சிருப்பீங்க, கன்னியாகுமரி, முட்டம், குளச்சல் காத்துல பெயின்ட் அடிச்சாலும் உள்ளேருந்து வரும். மேல திரும்பத் திரும்ப பெயின்ட் அடிக்காதீங்க, பிடுங்கிட்டு பித்தளைக் கம்பி போடுங்க. மெல்லிசா வேணும்னா மொபைல் சர்வீஸ் பண்றவங்க வச்சிருக்கற 0.1 மி.மீ. ஜம்பர் வயர் கேட்டு வாங்குங்க, செம்பு, இரும்புத் துரு வராது, 1/600-ல நெசத்துல 6 செ.மீ. கனம், ரெயிலிங்குக்கு ஏகதேசம் பொருந்தும். சால்டர் பண்ணணும்னா மேல உள்ள இனாமல பிளேடால சொரண்டணும். 965 ரேடார் மாதிரி சட்டம் சட்டமா உள்ளத சால்டர் பண்ண கை வரலன்னா அதே மொபைல் கடையில மைக்ரோஸ்கோப் வச்சு வேலை பாக்கிறவர்கிட்ட குடுங்க, அவங்க தெனமும் அதைவிடச் சின்னதுல வேலை பாக்கறவங்க.

பித்தளை ரெயிலிங் உதிருதுன்னா ஒட்டறதுக்கு முன்னாடி ஐபிஏல துடைக்கல. துடைச்சு, 800 பேப்பர்ல ஒரு இழுப்பு இழுத்து ஒட்டுங்க. டெக்கு ஓரத்து பாதுகாப்பு வலைக்கு கொசுவலை வைக்கறவங்க கவனிக்கணும், 1.2 மி.மீ. ஓட்டை 1/600-ல 72 செ.மீ. ஆவுது, ஆளே விழுந்துடுவான். அதை விட பழைய சீலையில உள்ள நைலான் வலைத்துணி பாருங்க, ஓட்டை நல்லா சின்னதா இருக்கும்.

கயிறு தொங்குதுன்னா என்ன கயிறுன்னு பாருங்க. தையல் நூலா இருந்தா ஈரத்துக்கு ஈரம் நீளும் சுருங்கும், மாத்திடுங்க. ரன்னர மெழுகுவத்தியில காட்டி இழுத்த பிளாஸ்டிக் இழையா இருந்தா ஊதுபத்திய கொளுத்தி ஒரு செ.மீ. தள்ளி கீழ பையக் காட்டுங்க, கண்ணு முன்னாடியே இழை விண்ணுன்னு இறுகும். தொட்டுடாதீங்க, அந்த நிமிசமே அறுந்துடும். நடுவுல காட்டாம ஒரு முனையிலேருந்து தொடங்கி, இறுகுனதும் எடுத்துடுங்க, மாஸ்ட்டு வளையுதான்னு ஒரு கண்ணு அங்கயும் இருக்கணும்.

## டெக்குல பிளேன் பெருசாவோ சின்னதாவோ தெரியுது

கிட்டுல வர்ற பிளேன் பழைய பிரிட்டிஷ் பிளேன், விராட்டுல இருந்த சீ ஹாரியர் போர் விமானம் இருக்காது. வெளியில வாங்குனது 1/700-ஆ இருக்கும், அதுதான் அதிகமா கெடைக்குது. ஸ்கேல் வச்சு அளங்க, சீ ஹாரியர் நெசத்துல 14.5 மீட்டர், 1/600-ல 24 மி.மீ., றெக்க முனைக்கு முனை 13 மி.மீ.க்கு கொஞ்சம் கொறைவு. நீளம் 21 மி.மீ. கிட்ட வந்தா அது 1/700. பக்கத்துல பக்கத்துல வச்சா 3 மி.மீ. கூட தெரியும்.

ரெசின் 3டி பிரின்ட் பண்றவங்ககிட்ட குடுக்கறதுதான் இதுக்கு வழி, நாகர்கோவில்லயே விசாரிச்சுப் பாருங்க, இல்லன்னா திருவனந்தபுரம் போனாப் போதும். ஃபைல குடுக்கும்போது ஸ்கேல் சொல்லாதீங்க, நீளம் 24 மி.மீ.ன்னு அளவாச் சொல்லுங்க, மொதல்ல ஒண்ணே ஒண்ணு அடிச்சு வாங்கி அளந்து பாத்துட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்க. நீங்க எடுத்துக்கிட்ட வருசம் 2016 மே மாசத்துக்கு அப்புறம்னா ஹாரியரே டெக்குல வேண்டாம், அப்பம் அதுக்கு ஓய்வு குடுத்தாச்சு. ஹெலிகாப்டர் மட்டும் வைங்க.